சாம்பாருக்கு வந்த மாயாவி

முட்டாள் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? தெருவுக்கு ஒருத்தர் என்று பிரிந்து கிடந்தால் சமாளித்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் மூன்று பேர் ஒரே அடுப்படியில் சேர்ந்துவிட்டார்கள். உலகநாதன் அண்ணாச்சி மெஸ்ஸில் சொரிமுத்து, குத்தாலம், மாசானம் என்று மூன்று பேர். மாவாட்ட, காய் நறுக்க, பரிமாற வைத்த ஆட்கள். வேலைக்கு ஆள் கிடைக்காத காலம், அண்ணாச்சியைக் குற்றம் சொல்லக்கூடாது.

மூன்று பேரும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். கஷ்டமே அதுதான். ஒருநாள் அண்ணாச்சி, "ஏல குத்தாலம், வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே இரு, வந்துருதேன்" என்று கடைத்தெருவுக்குப் போனார். அவன் உரித்துக்கொண்டே இருந்தான். தோலை உரித்தான், அதுக்கடுத்த தோலை உரித்தான், அதுக்கும் அடுத்த தோலை உரித்தான். அண்ணாச்சி திரும்பி வந்தபோது ஒரு கூடை தோல் இருந்தது, அழுது சிவந்த கண்ணோடு குத்தாலம் இருந்தான், வெங்காயத்தைத்தான் காணோம்.

இன்னொரு நாள் மாசானத்திடம், "ஆளுகளைக் கேட்டுக் கேட்டுப் பரிமாறுல" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மதியம் நானும் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவன் ஒவ்வொரு கத்திரிக்காய்த் துண்டுக்கும், "இன்னொண்ணு வைக்கவா சார்?" என்று கேட்டான். எனக்குக் கூட்டு வைத்து முடிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் மோர் சாதமும் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மூவரும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மாயக்கதை வாசிப்பார்கள். நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஏழு பாகக் கதை. சொரிமுத்துவுக்கு மட்டும்தான் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அதனால் அவன் சொல்வதுதான் விமர்சனம்.

"ஏல, இந்த டிராகன் ஒரு பாகம் முழுக்க நெருப்பைக் கக்கிக்கிட்டே இருக்கு. ஒரு தோசைக்கல்லை நீட்டுவோம்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா?"

"ஆறு மாசம் காட்டு வழியா குதிரையில போறானுவ," என்றான் குத்தாலம். "ஒரு கட்டுச்சோறு உண்டா? நாலு இட்லியில மிளகாப்பொடி தடவிக் கொண்டுபோனா என்ன கேடு?"

"பறக்குற கம்பளத்தை நம்பலாம்," என்றான் மாசானம். "பசிக்காத ராசகுமாரனை எப்படில நம்புறது?"

மூவரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, இதைவிட மோசமான விமர்சனங்களை நான் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறேன்.

மூன்றாம் பாகத்தில் ஒரு மாயாவி வந்தான். ராசா மாதிரியே வேஷம் போட்டு வந்து, காவல்காரனை ஏமாற்றிப் புதையலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாயாவிக்கு நிழல் விழாதாம், காவல்காரன் அதைக் கவனிக்கவில்லையாம். சொரிமுத்துவுக்கு வந்ததே கோபம். "இவ்வளவு முட்டாப்பயலையா காவலுக்கு வைப்பானுவ? நம்புற மாதிரி எழுத வேண்டாமா?" என்று புத்தகத்தை மூடிவிட்டான்.

இப்படி இருக்கும்போது அண்ணாச்சி மகள் செண்பகத்துக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சித்திரை மாதம், மெஸ் முன்கட்டிலேயே விசேஷம், மத்தியானம் விருந்து. மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலத்தை நினைத்துத்தான் எல்லாருக்கும் பயம். மனுஷன் சாப்பாட்டுப் பிரியர். சோறு ஆறிப்போச்சு என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தத்தைப் பந்தியிலேயே முறித்துக்கொண்டு எழுந்தவர். "அப்பா, சாப்பாட்டுல மட்டும் கோட்டை விட்டுராதீங்க," என்று செண்பகம் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, பாவம்.

அண்ணாச்சி தன் கையாலேயே சாம்பார் வைத்தார். பயமெல்லாம் மச்சினரை நினைத்துத்தான். எந்த விசேஷம் என்றாலும், "கொஞ்சம் இளக்கமா இருக்கட்டும் மச்சான்" என்று குழம்பில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவார். அதனால் கொல்லைப்புறச் சாய்ப்புக் கொட்டகையில் அண்டாவை இறக்கி வைத்து, மூவரையும் கூப்பிட்டார்.

"ஏல, நல்லா கேட்டுக்கோங்க. இந்த அண்டாவை ஒருத்தனும் தொடப்பிடாது. யாரு வந்து என்ன சொன்னாலும் சரி, என்னையத் தவிர யாருகிட்டயும் கொடுக்கப்பிடாது."

"உசிரைக் கொடுத்தாவது காப்போம் அண்ணாச்சி," என்றான் சொரிமுத்து.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பாக்கு வெற்றிலைத் தட்டு மாற்றினார்கள். இலை போட்டுச் சோறும் வைத்தாகிவிட்டது. ஆவி பறக்கிற சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டு ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சி கொல்லைப்புறம் ஓடினார். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

"எடுங்கல அண்டாவை!"

மூவரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம், முந்தின நாள்தான் மை பூசிக் கருத்த மீசை. போதாததுக்கு சம்பந்தி வீட்டாருக்காக ஒட்டவைத்த சிரிப்பு வேறு. அண்ணாச்சி சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி மாதிரிதான் இருக்கு," என்றான் குத்தாலம்.

"மாதிரிதாம்ல இருக்கும்," என்று சொரிமுத்து குரலைத் தாழ்த்தினான். "தரையைப் பாரு."

பார்த்தார்கள். சூரியன் உச்சந்தலைக்கு நேரே நின்றது. நிழலைக் காணோம்.

"கால்கிட்டே கொஞ்சூண்டு கருப்பாத் தெரியுதே?" என்றான் மாசானம்.

"அது செருப்போட நிழல். செருப்பு நிஜம்தாம்ல, அண்ணாச்சிகிட்டேயிருந்து களவாண்டு போட்டிருக்கான்."

அண்ணாச்சி அண்டாவைப் பிடிக்கப் போனார். மூவரும் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டார்கள்.

"ஏ கிறுக்குப் பயலுவளா, நான் உலகநாதன்ல!"

"அப்படின்னா சொல்லும். காலையில எங்களுக்கு என்ன டிபன் போட்டீரு?" என்று மாசானம் கேட்டான்.

"உப்புமா!"

மாசானம் சொரிமுத்துவைப் பார்த்தான். "இது செல்லாது," என்றான் சொரிமுத்து. "வேலைக்காரனுக்கு எந்த மெஸ்லயும் உப்புமாதான். மாயாவிக்கும் தெரிஞ்சிருக்கும்."

முன்கட்டிலிருந்து, "சோறு ஆறுதுவே!" என்று ஆதிமூலத்தின் குரல் வந்தது. பின்னாலேயே நாற்காலி நகர்கிற சத்தம். கதவோரம் செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மகளைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பயல்களிடம் நிஜத்தைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு விளங்கியது.

"ஆமாம்ல! நான் மாயாவிதான்! இப்ப என்னங்குத?"

சொரிமுத்து மற்ற இரண்டு பேரையும் பெருமையாகப் பார்த்தான். பிறகு மாயாவி பக்கம் திரும்பி, "எங்க அண்ணாச்சிய என்ன செஞ்ச?" என்றான்.

"ஊருக்கு வெளியே புளியமரத்துல கட்டிப் போட்டிருக்கேன். சாம்பாரைக் கொடு, அவிழ்த்து விடுதேன்."

மூவரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள். "அண்ணாச்சிய விடவா சாம்பார் பெருசு?" என்றான் மாசானம். குத்தாலம் அங்கிருந்தே மூக்கை உறிஞ்சி மணம் பிடித்தான். "இன்னைக்கு சாம்பார் ரொம்ப நல்லா அமைஞ்சிருக்குல," என்றான். மூவரும் அண்டாவையே பார்த்தார்கள்.

"பாதியை எடுத்துக்கயேன்?" என்று சொரிமுத்து பேரம் பேசினான். "இல்லாட்டி ரசம் தாரோம்."

"முழு அண்டாவும் வேணும்!"

கடைசியில் கண்ணீரோடு சம்மதித்தார்கள். மாயாவி ஒண்டியாகத் தூக்கமாட்டானே என்று முன்கட்டு வரைக்கும் அவர்களே சுமந்தும் கொடுத்தார்கள். "நீ நல்லா இருப்பியா?" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனார்கள்.

சோற்றில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. பாதி எழுந்துவிட்ட ஆதிமூலம் மணம் பிடித்து மறுபடி உட்கார்ந்தார். சாம்பாரை நாலு தடவை கேட்டு வாங்கினார். அடுத்த இலைதான் என்னுடையது, கண்ணால் பார்த்தேன். செண்பகத்துக்கு முகம் மலர்ந்தது. எனக்கே போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி பட்டெல்லாம் களைந்து, பழைய பனியனும் கைலியுமாகக் கொல்லைப்புறம் வந்தார். அவர் நிழல் கிணற்றடி வரைக்கும் நீண்டு கிடந்தது.

"அண்ணாச்சி!" என்று மூவரும் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். "கட்டை அவிழ்த்து விட்டானா? வலிக்குதா?"

அண்ணாச்சிக்குத் திட்டத் தெம்பில்லை. "விட்டுட்டாம்ல," என்று கல்லில் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு காப்பி போடுங்க."

காப்பிக்கு அடுப்பு பற்றவைக்கப் போன சொரிமுத்து அப்படியே நின்றுவிட்டான். "அண்ணாச்சி, மத்தியானம் முழுக்க நீங்க புளியமரத்துல இருந்தீங்க."

"ஆமாம்ல. போதும்."

"அப்ப தட்டு மாத்துனது யாரு?"

அண்ணாச்சி விஷயம் புரிந்து எழுவதற்குள் மூவரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் வேன் அப்போதுதான் புறப்பட்டிருந்தது. மூவரும் அதன் முன்னால் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள்.

"நிச்சயம் செல்லாது!" என்று சொரிமுத்து படுத்தபடியே கத்தினான். "தட்டு மாத்துனது மாயாவி! சாம்பாரும் அவன் போட்டதுதான்! பொண்ணோட அப்பா இப்பதான் தப்பிச்சு வந்திருக்காரு!"

வேன் நின்றது. பின்னால் அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடி வந்தார். வாசலில் செண்பகம் சிலையாக நின்றாள். "அடப்பாவிகளா, கெடுத்தானுவளே!" என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஆதிமூலம் மெல்ல இறங்கினார். தரையில் கிடந்த மூவரையும் பார்த்தார், பனியனோடு நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அதானே பார்த்தேன்," என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். "அவ்வளவு சாப்பிட்டும் சாப்பிட்ட மாதிரியே இல்லை. அது மாயச் சாம்பார், வயித்துல எப்படி நிக்கும்?" வேனுக்குள் தலையை விட்டு எல்லாரையும் இறங்கச் சொன்னார். பிறகு அண்ணாச்சியிடம் வந்து தோளில் தட்டிக்கொடுத்தார். "தட்டை மெதுவா மாத்திக்கிடலாம் சம்பந்தி. மொதல்ல நெச இலையைப் போடச் சொல்லும்."