எந்தக் கரைப் பிள்ளை

வடகரை நாடு கூட்டாட்சியை விட்டுப் பிரிந்துபோன நாளிலிருந்து தென்கரையில் யாருக்கும் நிம்மதியான தூக்கமில்லை. ஆற்று நடுவே கிடக்கும் மணல்திட்டு யாருக்கு என்று தகராறு. ஒரு செடிகூட முளைக்காத அந்த மணலுக்காகப் போன மாதம் ஒரு படகோட்டியைச் சுட்டுவிட்டார்கள். எந்தக் கரைத் துப்பாக்கி சுட்டது என்றுகூடத் தெரியவில்லை.

பொன்னுரங்கத்தின் பயம் வேறு. மகள் வடிவை அவர் வடகரையில் கட்டிக் கொடுத்திருந்தார். பிரிவினைக்கு முன்னால் அக்கரைக்கும் இக்கரைக்கும் பெண் கொடுத்து எடுக்காத வீடே கிடையாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், இரண்டு கரையிலும் அதுதான் வழக்கம்.

இப்போது இரண்டு அரசும் ஒரே மாதிரி உத்தரவு போட்டிருந்தன. எந்தக் கரையில் பிறந்ததோ அந்தக் கரைப் பிள்ளை. மறுகரையில் குடியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிறவர்களுக்கு இதில் மட்டும் என்ன ஒற்றுமையோ, போங்கள்.

பொன்னுரங்கம் தம் குரு செம்பாயி அம்மையிடம் ஓடினார்.

“தாயே, வடிவுக்கு இது நிறைமாசம். மூட்டையைக் கட்டிக்கிட்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிறா. இங்கே பெத்தா பிள்ளை அப்பன்கிட்டே திரும்பிப் போக முடியாது. அங்கேயே பெறட்டும்னா மாமியார் இல்லாத வீடு, பார்த்துக்க ஆளில்லை. எந்தக் கரையில பெறட்டும்?”

அம்மை எழுந்தார். கோலை எடுத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தார். பொன்னுரங்கம் பின்னாலேயே போனார்.

பாலத்து நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அம்மை போய் அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கக் காவலர்களும் ஓடிவந்து துப்பாக்கியை நீட்டினார்கள்.

“எழுந்திரு கிழவி. சுட்டுருவேன்,” என்றான் தென்கரைக் காவலன்.

“சுடு தம்பி. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. உங்க வீட்டுக்கு நீ தலைச்சனா?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“உங்கம்மா பொறந்த ஊரு எது?”

அவன் வாயைத் திறந்தான். கண் தானாக வடகரைப் பக்கம் போனது. வாயை மூடிக்கொண்டான்.

வடகரைக் காவலன் சிரித்துவிட்டான். அம்மை அவன் பக்கம் திரும்பினார்.

“நீயும் தலைச்சன்தானே?”

அவன் சிரிப்பு நின்றது. தன் பயத்தை அப்படியே அந்த முகத்தில் பார்த்தார் பொன்னுரங்கம்.

“மெதுவாப் பேசும்மா,” என்றான் அவன். “நான் தென்கரையில பொறந்தவன்னு மேலதிகாரிக்குத் தெரிஞ்சா, என்னையும் அந்தப் பக்கம் தள்ளிருவாங்க.”

துப்பாக்கிகள் தாழ்ந்தன. வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினாள். காவலர்கள் இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளையோட திரும்பறப்போ நான் காவல்ல இருக்கிற நாளாப் பார்த்து வா தாயி,” என்று முணுமுணுத்தான் வடகரைக் காவலன். “வேற ஆள் இருந்தா வந்துராதே.”

வீடு திரும்பும் வழியில் பொன்னுரங்கம் கேட்டார்.

“தாயே, இன்னிக்கு விட்டுட்டாங்க. இந்தப் பிள்ளையே வளர்ந்து, ஒருநாள் துப்பாக்கியோட அந்தப் பாலத்துல நின்னா என்ன செய்ய?”

அம்மை வடிவின் தோளைத் தாங்கியபடியே நடந்தார்.

“நின்னாலும் நிக்கும். அன்னிக்கு நான் இருக்க மாட்டேன். நீ போய் உட்காரு.”