சுத்தமான தண்ணீரில் வைத்தது

“எந்தப் பிணைப்பு மேடம் அறுந்துச்சு?”

பூவராகன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார். வங்கி வேலையை உதறிவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். நெறியாளர் ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

செடியின் டிஎன்ஏ அறுபடாமல் இருந்தால் திரையில் ஒற்றைக் கோடாகப் பளிச்சென்று நிற்க வேண்டும். தெரிந்ததோ கையால் இழுத்துத் தேய்த்த சுண்ணாம்புக் கறை.

அந்தச் செடி ஒரே ஒரு குன்றில்தான் இருந்தது. குன்றை உடைத்து ஜல்லியாக்க ஒரு வாரத்தில் அனுமதி கிடைத்தது. செடியை ஆராய அனுமதி கிடைக்க நான்கு வருடம். இப்போது குன்றே இல்லை; மிச்சமிருந்தது அதன் இலையிலிருந்து பூவராகன் பிரித்தெடுத்த டிஎன்ஏ இருக்கும் இந்தக் குழாய் மட்டும்தான்.

“எதில கரைச்சு வெச்சீங்க, சார்?”

“தண்ணியில. மூணு தடவை காய்ச்சி வடிச்சது.”

“உப்புக் கரைசல்னு சொன்னேனே.”

“அதுல என்னென்னவோ கலந்திருக்கு, மேடம். வேற எதுவும் இதைத் தொடக்கூடாதுன்னு நெனச்சேன். லாக்கர்ல வெச்ச மாதிரி பாத்துக்கிட்டேன்.”

ஜெசிந்தா பூவராகனின் தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அமிலம் பார்க்கும் தாளில் விட்டார்.

பச்சையாக வேண்டிய தாள் மஞ்சளடித்தது.

“நான் ஒண்ணுமே கலக்கலையே.”

“காத்து கலந்துச்சு. மூடியைத் திறந்தாலே போதும், காத்துல இருக்கிற கரியமில வாயு தண்ணியை அமிலமாக்கிடும். உப்புக் கரைசல் தாங்கும், வெறுந்தண்ணி தாங்காது. அமிலம் பட்டா டிஎன்ஏவோட எழுத்துகள்ல அடினினும் குவானினும், சங்கிலியில இருக்கிற சர்க்கரையை விட்டுக் கழண்டுடும். கழண்ட இடத்துல சங்கிலியும் அறும்.”

“திரும்ப ஒட்ட வைக்க முடியாதா?”

“உயிருள்ள செல்லுல தினமும் ஆயிரக்கணக்குல கழண்டு விழுது, சார். செல்லே சரி பண்ணிக்குது. குழாய்க்குள்ள யார் இருக்கா?”

பூவராகன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“இலை பறிச்ச அன்னிக்கு உங்ககூட யாருமே இல்லையா?” என்றார் ஜெசிந்தா.

“ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அந்தச் செடியில வேரோட ஒரு கன்னைப் பிடுங்கி, மண்ணும் புழுக்கையுமா முந்தானையில சுத்திக் கொண்டுவந்தாங்க. ‘எங்க நட்டாலும் வந்துரும், எடுத்துட்டுப் போ சாமி’ன்னாங்க.”

ஜெசிந்தா நிமிர்ந்தார்.

“எடுத்துட்டு வந்தீங்களா?”

“வந்தேன், மேடம்.”

“எங்க நட்டீங்க?”

“புழுக்கை ஒட்டியிருந்துச்சு. ஆய்வுக்கூடத்துல கிருமி பரவக்கூடாதில்ல. விதிமுறைப்படி கன்னோட சேத்து இருபது நிமிஷம் நீராவியில அவிச்சு...”

தான் சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.