முழுசாக வெளியே வந்த மாத்திரை

"அம்மா, நான் ஊருக்குக் கிளம்புறேன். உத்தரவு கொடுங்க" என்றார் தணிகாசலம்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அவருக்கு அது நாலாவது மாதம். வயது அறுபத்திரண்டு. குரு மங்களாம்பிகைக்கு நாற்பதைத் தாண்டி இரண்டோ மூன்றோ. தன்னைவிடச் சின்னவர் காலில் விழ முதல் நாள் மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது பேர் சாப்பாட்டுக்கு, ஒரு சுமை கீரை.

"என்ன திடீர்னு?"

"தியானத்துல கால் மணி நேரம் உட்கார முடியலை. கண்ணை மூடினா வயிறு கூப்பிடுது. எல்லாரும் உள்ளே கடவுளைத் தேடுறாங்க, நான் வெளியே கக்கூஸைத் தேடுறேன்."

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெருங்குடல்ல புண்ணுன்னு டாக்டர் மாத்திரை கொடுத்தாரே?"

"அந்த வயித்தெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்."

வேட்டி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரை.

"காலையில வெளியே வந்தது. மூணு தண்ணியில கழுவினேன். போன மாதிரியே வந்திருக்கு பாருங்க. ரெண்டு மாசமா சும்மா உள்ளே போய் ஊர் சுத்திட்டு வருது. இதை நம்பி நான் ஏமாந்தேன்."

குரு அதைத் தொடவில்லை. ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் தள்ளினார்.

"ஆய்ஞ்சுக்கிட்டே சொல்லுங்க. ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடி ரயில் தபால்ல இருந்தீங்களே, அங்கே என்ன வேலை?"

கேட்க வேண்டுமா! தணிகாசலம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓடுகிற ரயிலில் ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்துப் பையில் போட்ட முப்பத்தைந்து வருஷத்தையும் அவிழ்த்துவிட்டார். ஜோலார்பேட்டையில் பெட்டிக்குள் ஏறிய பாம்பு, வெள்ளத்தில் ஒன்பது மணி நேரம் நின்ற வண்டி, முகவரியில் 'என் தம்பிக்கு' என்று மட்டும் எழுதியிருந்த கடிதம். குரு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சீல் வச்ச பையை வழியில பிரிப்பீங்களா?"

"வேலை போயிடும்மா! மதுரைப் பை மதுரையிலதான் பிரியும். நடுவுல எந்த ஸ்டேஷன் வந்தாலும் வாயைத் திறக்காது."

"பிரிச்ச பிறகு?"

"காலிப் பை திரும்பி வரும். அதை எண்ணி வாங்கி…"

கீரை ஆய்ந்த கை நின்றது.

மாத்திரையை எடுத்து நகத்தால் அழுத்தினார். பொசுக்கென்று உள்வாங்கியது. வெறும் தோல்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையேம்மா!"

"எங்கே போச்சாம்?"

தணிகாசலம் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"சரி, மருந்து சேர வேண்டிய இடத்துல சேர்ந்ததுன்னே வச்சுக்குவோம். புண் ஆறினா எனக்குத் தெரிய வேண்டாமா?"

"எப்படித் தெரியும்?"

"கொஞ்ச நேரமாவது ஒரே இடத்துல உட்காரணும். அதுதான் எனக்கு வேணும். வேற எதுவும் வேண்டாம்."

அடுத்த கொத்துக்குக் கையை நீட்டினார். கொத்து இல்லை. சுமை முழுவதும் தீர்ந்து, முறத்தில் கீரை குவிந்திருந்தது.

"எழுந்திருங்க, ஒரு மணி நேரமாச்சு, அடுப்படியில கேட்கிறாங்க" என்றார் குரு.

"இருங்கம்மா" என்றார் தணிகாசலம். "கால் மரத்துப் போச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.