ஒரே படுக்கையில் இரண்டு ஆறுகள்

ஆறுகளுக்கு வாயும் காதும் இருந்த அந்தக் காலத்தில், சீனத்தின் வடபுறத்தில் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு இருந்தது. அதன் மேற்கு ஓரமாக ஹுவாங்லி என்னும் ஆறும், கிழக்கு ஓரமாக அவளுடைய தங்கை சிங்யாவும் ஓடினார்கள். இருவருக்கும் நடுவே தாழ்ந்த புல்வெளி ஒன்று பரந்து கிடந்தது. அதைக் கடக்க அரைநாள் நடக்க வேண்டும்.

ஹுவாங்லி அகலமானவள், வலிமையானவள். ஆனால் வழியெங்கும் மஞ்சள் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருபவள். அவளிடம் மொண்ட நீரை மாலை வரை தெளியவைத்துத்தான் குடிப்பார்கள். தங்கையின் நீரையோ குனிந்து அப்படியே கையால் அள்ளிக் குடிப்பார்கள். ஹுவாங்லியின் படகில் ஏறியவர்கள், அவள் மேல் மிதந்துகொண்டே, சிங்யாவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஒரு கல்லாக இறங்கியது.

ஒரு வசந்தத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே மாவட்டமாக்கும்படி அரச ஆணை வந்தது. தலைநகரைத் தேர்ந்தெடுக்கக் கோங் என்னும் ஆட்சியர் வந்து சேர்ந்தார். நகரம் எந்த ஆற்றின் கரையில் அமைகிறதோ, அந்த ஆற்றுக்குத்தான் கல்பாலமும் படித்துறையும் ஆண்டுதோறும் ஊதுவத்தி வழிபாடும். ஹுவாங்லி தன் வாழ்நாளில் வேறெதையும் இவ்வளவு விரும்பியதில்லை.

ஆட்சியர் முதலில் அவளுடைய கரையில்தான் இறங்கினார். தேநீர் போட நீர் மொண்டார்கள். குடத்தில் மண் அடங்கும்வரை காத்திருந்தவர், பொறுமையிழந்து எழுந்து போய்விட்டார். தங்கையின் கரையில் அவர் மூன்று கோப்பை குடித்ததாகக் கொக்கு வந்து சொன்னது.

"மூன்றா? நன்றாக எண்ணினாயா?" என்று கேட்டாள் ஹுவாங்லி.

"நாலாவது கோப்பைக்குச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் கிளம்பிவிட்டேன்" என்றது கொக்கு.

ஆனால் தேநீரின் சுவையைக் கொண்டு நகரம் அமைப்பதில்லை. அந்த நாட்டில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இரு இடங்களிலும் ஒரே மரக்கால் நிறைய மண் எடுத்து, வெயிலில் காயவைத்து, கோலால் தலைதட்டித் தராசில் ஏற்றுவார்கள். எடை மிகுந்த மண்தான் மதிலையும் தாங்கும், பயிரையும் தாங்கும் என்பது கணிப்பு. மூன்றாம் நாள் காலை மண் எடுப்பதாக ஆட்சியர் அறிவித்தார். தராசு சொன்னபின் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது.

ஹுவாங்லிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவள் கரை மண் மாவைப்போல லேசானது, ஊதினால் பறக்கும். தங்கையின் கரையிலோ கனத்த கரிசல். நீரையும் அவளுக்கே கொடுத்து மண்ணையும் அவளுக்கே கொடுத்த மலையை ஹுவாங்லி மனத்துக்குள் வைதாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள்.

பனி உருகும் பருவம். உடலில் வெள்ளம் இருந்தது. மறுநாள் காலையில் அவள் தன் படுக்கையை விட்டு எழுந்தாள். புல்வெளியைக் கடந்து போய்த் தங்கையின் கரையைச் சுரண்டினாள். அந்தக் கரிசலைச் சுமந்துகொண்டு திரும்பித் தன் கரையெங்கும் பரப்பினாள். ஒருமுறை போதவில்லை. இரண்டாம் முறையும் போய் வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது சிங்யா மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, மண்ணை எடுத்துக்கொள். ஆனால் ஒருமுறை திரும்பிப் பார். நீ கொண்டுபோவதில் பாதி உன் படுக்கையிலேயே இறங்குகிறது. அது மேடாகிக்கொண்டு வருகிறது."

"நான் ஜெயிக்கப் போகிறேன் என்றதும் உனக்கு வயிறு எரிகிறதோ?" என்றாள் ஹுவாங்லி. "இத்தனை காலம் நான் எரிந்தேன். இப்போது நீ எரி."

திரும்பிப் பார்க்காமலே மூன்றாம் சுமையையும் அலைமேல் ஏற்றி மேற்கே வீசினாள். மண் போய்ச் சேர்ந்தது. அவளால் போய்ச் சேர முடியவில்லை. மேடு அவளுடைய பழைய வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு முட்டினாலும் நீர் தாழ்வான கிழக்குப் பக்கமே வழிந்து, தங்கையின் படுக்கையில் விழுந்தது.

மூன்றாம் நாள் ஆட்சியர் மேற்குக் கரைக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். படகோட்டி நியே என்பவள் தரைதட்டிய படகில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஆறு எங்கே?"

"முந்தாநாள்வரை இங்கேதான் இருந்தாள், ஐயா. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்."

போனவள் வந்துவிடுவாள் என்று ஆட்சியர் நினைத்தார். மண் காய்ந்தது; தராசு தூக்கப்பட்டது. கரிசல் சுரண்டப்பட்ட கிழக்குக் கரையில் லேசான அடிமண்தான் மிஞ்சியிருந்தது; மேற்குக் கரைத் தட்டு சடாரென்று தாழ்ந்தது. பறை முழங்கியது. வென்ற மகிழ்ச்சியில் ஹுவாங்லி ஒருமுறை துள்ளினாள். துள்ளிய வேகத்தில், பக்கத்தில் படுத்திருந்த தங்கைமேல் இடித்துக்கொண்டாள்.

நகரம் அங்கே எழுந்தது. மதில் எழுந்தது, சந்தை எழுந்தது. ஆணைப்படி கல்பாலமும் ஐந்து வளைவுகளோடு எழுந்தது; அதன் கீழே முள்ளங்கி விற்றார்கள். குடிக்கக் கிணறு வெட்டிக்கொண்டார்கள். மேல்காற்று அடிக்கும் நாட்களில் நகரத்தின் மணியோசை ஹுவாங்லிக்குக் கேட்கும். வசந்தம்தோறும் அவள் மேட்டின்மேல் முட்டிப் பார்ப்பாள். மக்கள் அதை வெள்ளம் என்று அஞ்சி, மேட்டை இன்னும் ஒரு முழம் உயர்த்துவார்கள்.

சிங்யா சற்றே ஒதுங்கி இடம் விட்டாள், அவ்வளவுதான். அந்த இடம் விட்டதைத்தான் ஹுவாங்லியால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அன்று முதல்தான் அந்த மாவட்டத்தின் தலைநகரில் ஆறில்லாத பாலம் நிற்கிறது. அரைநாள் நடைக்கு அப்பால் ஒரே படுக்கையில் ஒருபுறம் மஞ்சளும் ஒருபுறம் தெளிவுமாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல், இரண்டு நீர்கள் கடல்வரை ஓடிக்கொண்டிருக்கின்றன.