நல்ல நேரம் காட்டிய கடிகாரம்

முன்னொரு காலத்தில், காலத்தையே கையில் கட்டிக்கொண்ட ஒரு ராஜா இருந்தார். பெயர் இளவழுதி. பெரியவர்களே, பிள்ளைகளே, அவர் கெட்டவர் இல்லை. கெட்ட நேரத்துக்குப் பயந்தவர். அவ்வளவுதான்.

அந்தப் பயத்தைக் கேள்விப்பட்டு ஒரு மந்திரவாதி வந்தான். தங்கக் கைக்கடிகாரம் ஒன்றை நீட்டினான். உள்ளே எள்ளளவு சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. முகப்பில் சூரியன் ஏறியது, நிலா தேய்ந்தது, திதி மாறியது. எல்லாவற்றுக்கும் மேலே, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான ஒரு வட்டத்தில் ஒரு சிவப்பு முள்.

"முள் வெள்ளையில் நின்றால் நல்ல நேரம், ராஜா. கறுப்பில் நின்றால் கெட்ட நேரம்."

"விலை?"

"கழற்றாமல் கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அது போதும்."

ராஜா தினமும் காலையில் சாவி கொடுத்தார். பட்டுத் துணியால் துடைத்தார். வரி போட்டார், வழக்குத் தீர்த்தார். முள் வெள்ளையிலேயே நின்றது.

மகள் நன்முல்லை பிறந்தாள். நெஞ்சு படபடக்க ஓடிவந்த ராஜா வாசற்படியில் முள்ளைப் பார்த்தார். கறுப்பு.

"கொஞ்சம் பொறு, நல்ல நேரம் வரட்டும்."

அது வந்தபோது குழந்தை தூங்கிப்போயிருந்தது.

மகள் வளர்ந்து புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். வழியனுப்ப ஓடிவந்த ராஜா முள்ளைப் பார்த்தார். கறுப்பு.

"கொஞ்சம் பொறு, நல்ல நேரம் வரட்டும்."

பல்லக்கு எவ்வளவு நேரம்தான் நிற்கும்? போய்விட்டது.

பிறகு ராணி பூங்கோதை படுக்கையில் விழுந்தாள். மகள் பதறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் அப்பா எங்கேடி?"

"வாசலில்தான் நிற்கிறார், அம்மா."

"முள் பார்க்கிறாரா?" ராணி சிரித்தாள். "மழையில் பந்தல் சரிந்து, எனக்குத் தாலி கட்டியதே ராகுகாலத்தில்தான். அன்றைக்கு இந்தச் சனியன் அவர் கையில் இல்லை. வரச் சொல்."

"கொஞ்சம் பொறு, பூங்கோதை," என்றார் ராஜா வெளியிலிருந்து. "நல்ல நேரம் வரட்டும்."

உள்ளே மூச்சுச் சத்தம் நின்றது. மகளின் அழுகை கேட்டது. ராஜாவுக்கு அழுகை வரவில்லை. உடம்புக்குள் என்னவோ அணைந்துபோனது. அப்போது முள் மெதுவாக நகர்ந்து, வெள்ளையில் வந்து நின்றது.

நன்முல்லை வெளியே வந்தாள். கடிகாரத்தைப் பறித்துத் தன் கையில் அழுத்தினாள். முள் துள்ளிக் கறுப்புக்குப் போனது.

"உங்கள் கையில் நல்ல நேரம், என் கையில் கெட்ட நேரமா? அப்பா, இது நேரத்தைப் பார்க்கவில்லை. நாடியைப் பார்க்கிறது. நெஞ்சு அடித்துக்கொண்டால் கறுப்பு."

ராஜா அதை வாங்கித் திரும்பக் கட்டிக்கொண்டார். கட்டிலைப் பார்த்தார். நெஞ்சு இடித்தது. முள் கறுப்பில். அப்படியும் காலை எடுத்து உள்ளே வைத்தார்.

கடிகாரத்தின் கண்ணாடி தெறித்தது. சக்கரங்கள் எள்ளாய்ச் சிதறின. மந்திரம் கலைந்தது.

ராணி எழுந்திருக்கவில்லை. எழுந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ராஜா அவள் கையைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது.

"இந்தக் கையையும் பிடியுங்கள், அப்பா," என்றாள் மகள்.

பிடித்தார். நேரம் என்னவென்று அங்கே யாரும் கேட்கவில்லை.