இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆவுடையப்பன், தங்கப்பழம், இசக்கிமுத்து மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். யார் என்ன சொன்னாலும் எழுத்துப் பிசகாமல் செய்துவிடுவார்கள். அதுதான் சிக்கல்.

கம்ப்யூட்டர் பழுதாகி, ஒரு கல்யாணத்தின் படங்கள் மொத்தமும் அதோடு போய், பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, கம்ப்யூட்டர் கடை செல்வரதியை வரவழைத்து ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கொண்டார்கள். திரையில் இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் அதன் நகல்.

"ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே மாதிரி இருக்கணும் அண்ணாச்சி. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புளியங்குடி பூங்கோதையின் கல்யாணப் படங்களை ஏற்றிய அன்று, மேஜையைத் துடைத்த தங்கப்பழம் துணியோடு ஏதோ பொத்தானை அமுக்க, இடப்பக்கம் காலியானது.

"வலப்பக்கம் அப்படியே இருக்குல்லா?" என்றான்.

"அதான் வே தப்பு," என்றார் ஆவுடையப்பன். "ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் இல்ல. அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?"

மூவரும் யோசித்து வலப்பக்கத்தையும் அழித்தார்கள். இசக்கிமுத்து செல்வரதிக்குப் போன் போட்டான். "இப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்மா. ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது."

"ரொம்ப நல்லது அண்ணாச்சி," என்றாள் அவள்.

பூங்கோதை ஆல்பம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. செல்வரதிக்குப் போன் போட்டார்கள். அவள் சொன்னாள்: "நான் வந்து பாக்கேன். அதுவரைக்கும் அங்க எதையும் தொடாதீங்க. ஒரிஜினல் எங்கயாவது இருந்தா அதுலேர்ந்து மறுபடி எடுத்துக்கலாம்."

"ஒரிஜினல் புளியங்குடியிலதான் இருக்கு," என்றான் இசக்கிமுத்து. ஷட்டரைத் தொடாமல், கடையைத் திறந்து போட்டபடியே மூவரும் பஸ் ஏறினார்கள்.

பூங்கோதை மறுபடி பட்டுச்சேலை கட்டினாள். ஏற்கெனவே கட்டிய தாலியை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் மட்டும், "ஒரு தடவை பட்டது போதும்," என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தால், கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலிருந்து பழைய படங்களை மீட்டு வைத்துவிட்டுச் செல்வரதி போயிருந்தாள். புதிய படங்களை ஏற்றியதும் சாஃப்ட்வேர் கேட்டது: ஒரே பெயரில் இரண்டு உள்ளன. எதை வைத்துக்கொள்ள, பழையதா, புதியதா?

"கட்டிக்கிட்டவளைத்தான் கேக்கணும்," என்று பூங்கோதைக்குப் போன் போட்டார்கள்.

அவள் யோசிக்கவே இல்லை. "புதுசு. அதுலதான் எங்க அத்தை இல்ல."

புதியதை அமுக்கினார்கள். பழையது நிரந்தரமாக நீக்கப்படும், உறுதி செய்யவும் என்றது திரை.

"நியாயமான கேள்வி," என்றார் ஆவுடையப்பன். "நீக்கப்படுறவங்களைக் கேக்காம எப்படி வே நீக்குறது?"

மறுபடி புளியங்குடி. மாமியார் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூங்கோதை. ஆவுடையப்பன் கைகட்டி நின்று பவ்யமாகச் சொன்னார்:

"அக்கா, உங்களை நிரந்தரமா நீக்கிரச் சொல்லி உங்க மருமக சொல்லிட்டா. எங்களுக்கு உங்க வாயால ஒரு 'சரி' வேணும். பிடிக்கலைன்னா 'ரத்து'ன்னு சொல்லுங்க."