செம்பி விரித்த பாசிக் கம்பளம்

மலைக்காட்டில் அன்று காற்று சாய்த்தது ஒரே ஒரு மரத்தைத்தான். ஆனால் அது இருவாட்சிப் பறவைகள் குடியிருந்த மரம்!

பெண் இருவாட்சியின் பெயர் பொன்னலகி. ஆணின் பெயர் பேரலகன். முட்டையிடும் காலம் நெருங்கிவிட்டது. இருவாட்சிகளின் வழக்கமே தனி. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்ததும் வாசலைச் சேறு வைத்து அடைத்துவிடுவார்கள். அலகை நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். ஆண் பறவை அதன் வழியாகப் பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது.

"மூணு மாசம் நான் பார்க்கப் போறது உள்சுவரை மட்டும்தான். அது கொஞ்சம் அழகா இருந்தா என்னவாம்?" என்றாள் பொன்னலகி. "இந்த வருஷம் வளர்ந்து நிக்கிற இளசுகளுக்கு ஒரு போட்டி வைப்போம்!"

காடு முழுக்கச் செய்தி பரவியது. பொந்து உள்ளலங்காரப் போட்டி! ஆளுக்கு ஒரு பொந்து. ஜெயிக்கும் பொந்தில்தான் பொன்னலகி குடியேறுவாள். ஏழு நாள் கெடு. நடுவர், காட்டில் எல்லோரும் மதிக்கும் கருமந்தியார். ஜெயிப்பவருக்கு ஆற்றோரத்து அத்திமரத்தின் உச்சிக்கிளை, பருவம் முடியும்வரை சொந்தம்!

முதலில் ஓடி வந்து பெயர் கொடுத்தவள் செம்பி என்ற மலையணில். ஓட்டப் பந்தயத்திலும் சரி, கிளை தாவுவதிலும் சரி, அவள் எப்போதும் மூன்றாவதோ நான்காவதோதான். 'இந்த ஒரு தடவையாவது!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

அவளுக்கு நல்ல கை. சுவரில் காட்டு ஆர்க்கிட் இதழ்களை வரிசையாக ஒட்டினாள். உதிர்ந்து கிடந்த வண்ணத்துப்பூச்சி இறக்கைகளைப் பொறுக்கி வந்து, வெளிச்சம் படும் இடமாகப் பார்த்துச் செருகினாள். இலவம்பஞ்சில் தலையணை செய்தாள். ஐந்தாம் நாளே பொந்து பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது.

ஆறாம் நாள் காலை, மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தவளின் பின்னங்கால் தரைக்குள் புதைந்தது.

செம்பி பதறிப்போய்க் காலை இழுத்தாள். ஓட்டை வழியே குனிந்து பார்த்தாள். கீழே ஒன்றுமே இல்லை! மரம் வேர்வரை உள்ளே உளுத்துக் குழாய்போல வெறுமையாக இருந்தது. அவள் நின்றிருந்தது, காய்ந்த அடைபோல மெல்லிய ஒரு பலகையின் மேல்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே நாள்! வேறு பொந்து தேட நேரம் இல்லை. விலகிக்கொள்ளவும் மனம் இல்லை.

மரப்பட்டைகளை உரித்து வந்தாள். ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். அதன் மேல் பச்சைப் பாசியைக் கம்பளம்போல விரித்தாள். ஏறி நின்று மூன்று முறை குதித்தும் பார்த்தாள்.

"தாங்குது!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் பொன்னலகி தன்னைவிட இரண்டு மடங்கு கனம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதை நினைக்காமல் இருக்கத்தான் தலையணையை இன்னொரு முறை தட்டிச் சரி செய்தாள்.

ஏழாம் நாள் கருமந்தியார் வந்தார். முதலில் பக்கத்து மரத்தில் கொத்தன் என்ற இளம் மரங்கொத்தியின் பொந்தைப் பார்த்தார்.

"என்னப்பா, உள்ளே ஒண்ணையுமே காணோமே?"

"சுவர் இருக்கு, தரை இருக்கு ஐயா," என்றான் கொத்தன். "அடி முதல் மேல்வரை தட்டிப் பார்த்துட்டேன். ஈரம் கோத்த இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்துட்டேன். மரத்தூளை மெத்தையாப் பரப்பியிருக்கேன்."

"அலங்காரம் எங்கே?"

"அதுக்குள்ள ஏழு நாள் முடிஞ்சு போச்சு!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்து செம்பியின் பொந்து. கருமந்தியார் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "அடடா!" என்றார். மறுபடியும் "அடடா!" என்றார்.

"தரை எப்படி இருக்கும்மா?"

செம்பி முந்திக்கொண்டாள். "மெத்து மெத்துன்னு இருக்கும் ஐயா! கால் வச்சா எடுக்க மனசு வராது!"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் கருமந்தியாரின் கண்ணை அவள் பார்க்கவில்லை.

முதல் பரிசு செம்பிக்குத்தான்! கொன்றைப் பூ மாலை அவள் கழுத்தில் விழுந்தது. பொன்னலகி அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்தாள். பேரலகன் சேற்று உருண்டைகளைக் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, அவள் உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்தாள். ஒவ்வொரு உருண்டை வைக்கும்போதும் செம்பி நினைத்தாள்: 'இப்போ சொல்லிடலாம்.' அடுத்த உருண்டைக்குள் நினைத்தாள்: 'தாங்கிடும்.'

வாசல் மூடிவிட்டது.

அத்திமரத்தின் உச்சிக்கிளை அவளுடையதாகிவிட்டது. ஆனால் அவளுக்கு ஒரு பழமும் தொண்டையில் இறங்கவில்லை. காற்றில் ஏதாவது கிளை முறிந்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நாள், கீறல் வழியே ஒரு நீளச் சிறகு வெளியே வந்து விழுந்தது. ஐந்தாம் நாள் காலையில் பேரலகன் காடே அதிரக் கத்தினான்.

"முட்டை! என் பொண்டாட்டி முட்டை போட்டுட்டா!"

செம்பியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கொத்தனிடம் ஓடினாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

கொத்தன் துள்ளி எழுந்தான். "அடிப்பாவி! உடனே போய்ச் சொல்லு!"

"நீ சொல்லேன் கொத்தா! எனக்கு வாய் வரலை."

"நான் சொன்னா, தோத்தவன் வயித்தெரிச்சல்ல பேசுறான்னுதான் நினைப்பாங்க. நீயே வாயைத் திற. நான் கூட வர்றேன்."

இருவரும் போனபோது பேரலகன் பழம் ஊட்டிக்கொண்டிருந்தான். கருமந்தியாரும் வாழ்த்துச் சொல்ல வந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா!" என்று செம்பி அலறினாள். "அசையாதீங்க! தரை உளுத்துப் போச்சு! எனக்கு முன்னாடியே தெரியும். மேலே பாசியைப் போட்டு மறைச்சுட்டேன்!"

பேரலகனின் அலகிலிருந்து பழம் நழுவி விழுந்தது. பிறகு உள்ளிருந்து பொன்னலகியின் குரல் வந்தது. மிக மெதுவாக வந்தது.

"ரெண்டு நாளா காலுக்கடியில ஏதோ நெரியுற சத்தம் கேக்குது. நான்தான் பிரமைன்னு நினைச்சேன்."

"வாசலை உடைங்க!" என்று பேரலகன் பாய்ந்தான். அலகால் ஓங்கி அடித்தான். காய்ந்த சேறு கல்லாய் நின்றது. ஆனால் அந்த அதிர்ச்சியில் உள்ளே 'படக்' என்று ஏதோ முறிந்தது.

"நிறுத்துங்க! தரை இறங்குது!" என்று பொன்னலகி கத்தினாள்.

அடித்தால் தரை விழும். அடிக்காவிட்டால் வாசல் திறக்காது. விழுந்தால், சிறகு உதிர்ந்தவள் அந்தக் குழாயிலிருந்து ஏறி வரவே முடியாது. பேரலகன் கிளையில் அங்குமிங்கும் தத்தினான்.

செம்பி மரத்தைச் சுற்றி ஓடினாள். வேர்ப்பக்கத்தில் ஓர் அணில் மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. "கீழேருந்து நான் முட்டுக் கொடுக்கிறேன்!" என்றாள்.

"தரை விழுந்தா உன் தலையிலதான் விழும்!" என்றார் கருமந்தியார்.

"கம்பு ஒடிச்சுக் கொடுங்க ஐயா, சீக்கிரம்!"

அவர் ஒடித்து ஒடித்து நீட்டினார். செம்பி ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, இருட்டில், உதிரும் சுவரைப் பற்றி மேலே ஏறினாள். கண்ணில் தூசி கொட்டியது. தரைக்கு அடியில் ஒரு கம்பைக் குறுக்கே செருகினாள். நழுவியது. மறுபடி செருகினாள். இரண்டு, மூன்று, நான்கு கம்புகள் நின்றன. மீதியிருந்த இடைவெளியில் தன் முதுகையே கொடுத்துச் சுவரில் கால்களை ஊன்றிக்கொண்டாள்.

"இப்போ கொத்து!" என்று கத்தினாள்.

கொத்தன் ஓங்கி அடிக்கவில்லை. பேரலகனை விலகச் சொல்லிவிட்டு, அதிர்வு உள்ளே போகாதபடி, ஓரம் ஓரமாகச் சுரண்டுவதுபோலக் கொத்தினான். டொக், டொக், டொக். ஒவ்வொரு கொத்துக்கும் செம்பியின் முதுகில் கனம் ஏறியது. கால்கள் வெடவெடத்தன. ஒரு கம்பு முறிந்தது. அடுத்ததும் முறிந்தது.

"இன்னும் எவ்வளவு?"

"தலை நுழையும். உடம்பு நுழையாது. பொறு!"

செம்பி பொறுத்தாள். நகங்கள் சுவரைக் கீறிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கின.

"வந்துட்டா! என் பொண்டாட்டி வெளியே வந்துட்டா!" என்று பேரலகன் அழுதான்.

அந்தக் கணமே தரை இடிந்தது. பட்டையும் பாசியும் இதழ்களும் பஞ்சும் செம்பியோடு சேர்ந்து வேர்வரை சரிந்தன. கருமந்தியார் ஓட்டைக்குள் கையைவிட்டு அவளை வெளியே இழுத்துப் போட்டார். ஒரு முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. அவள் முதுகில் இளஞ்சூடாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

அது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. காலையில் இட்ட முட்டை.

பொன்னலகி கொடிகளைப் பிடித்துத் தத்தித் தத்தி அவளிடம் வந்தாள். அந்த முதுகைப் பார்த்தாள்.

"இன்னிக்காவது சொன்னே. அதனாலதான் நான் இருக்கேன்," என்றாள். "போட்டி அன்னிக்கே சொல்லியிருந்தா அதுவும் இருந்திருக்கும்."

செம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"உன்னை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நானும் தலையை மட்டும்தானே நீட்டினேன்!" என்று கருமந்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கொத்தன் தன் பொந்தைக் காட்டினான். பொன்னலகி உள்ளே போய், இந்த முறை தானே தரையை நான்கு தரம் மிதித்துப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். பேரலகன் சேறு எடுக்கப் பறந்தான்.

பத்து நாள் கழித்து அங்கே இன்னொரு முட்டை வந்தது. செம்பிக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை. நொண்டிக்கொண்டே பக்கத்துக் கிளைவரை வந்து, கீறல் வழியே தெரிந்த வெள்ளையை அவளே பார்த்துவிட்டுப் போனாள்.

பார்க்க வருபவரின் பாராட்டுக்காக நாம் மூடி மறைக்கும் குறை, நம்மை நம்பிக் குடியேறுபவரின் உயிருக்கே உலை வைக்கும்.